அந்தச் சிவப்புச் சோளத்தைத் தொடாதே

நெரிஞ்சிப்பேட்டை,
ஞாயிறு காலை

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. சொட்டு மருந்தை ஒரு வேளைகூட விடக் கூடாது என்று தங்கச்சியிடம் நான் சொன்னதாகச் சொல். இங்கே என் வீட்டுக்காரிக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. பேத்தி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாள். அழுகை மூன்றே நாள்தான், இப்போது ஞாயிற்றுக்கிழமையும் பையை எடுத்துக்கொண்டு வாசலில் நிற்கிறாள்.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். தூண்டிலுக்கு மக்காச்சோளம் வாங்கி ஊறவைத்தேன், தண்ணீர் ரோஸ் கலரில் மாறிவிட்டது, ஏன் என்று கேட்டிருந்தாய். மாப்பிள்ளை, அது விதைச்சோளம். விதைக்கிறதற்காகப் பூஞ்சாண மருந்து தடவி, தின்னக் கூடாது என்று தெரிவதற்காகவே சாயம் ஏற்றி விற்பது. தைரம், கேப்டான் மாதிரி மருந்துகள் மீனுக்குக் கடும் விஷம். எத்தனை முறை கழுவினாலும் அதை நம்ப முடியாது. குளத்தில் கொட்டாதே, கோழிக்கும் மாட்டுக்கும் போடாதே. அது ஊறிய பாத்திரத்தைச் சமையலுக்கு எடுக்காதே. பேரன் கையால் அள்ளியிருந்தால் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவச் சொல். இதைப் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

மாட்டுத் தீவனக் கடையில் கிடைக்கும் வெறும் மக்காச்சோளம் போதும். மஞ்சளாக, சாயம் இல்லாமல், வண்டு அரிக்காமல் இருக்க வேண்டும். அரைக்கிலோ வாங்கினால் இரண்டு பேருக்கு ஒரு நாள் தாராளம்.

இரண்டாவது தவறையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. போன மாதம் மீனைக் கூட்டுவதற்காகக் காய்ந்த சோளத்தை அப்படியே கரையோரத் தண்ணீரில் இறைத்ததாக எழுதியிருந்தாய். காய்ந்த தானியம் தண்ணீர் குடித்தால் ஊதும். தொட்டியில் ஊதினால் பரவாயில்லை, மீனின் வயிற்றுக்குள் போய் ஊதினால் அந்த ஜீவன் என்ன பாடுபடும்? கெண்டைக்கு வாயில் பல் கிடையாது, தொண்டையில்தான் அரைக்கிற பல். இரைப்பை என்று தனியாக ஒன்றும் இல்லை, நேரே குடல்தான். நாம் போடுவது வெந்து மெத்தென்று இருந்தால்தான் அதற்கு நல்லது. நாம் பிடிக்கப்போகிற மீன்தானே என்று நினைக்காதே. இறைப்பதில் பெரும்பகுதியைத் தின்பது நம் கையில் சிக்காத மீன்கள்.

நான் செய்கிற பக்குவம் இது. முதல் நாள் காலையில் கழுவி, தானியத்துக்கு மேல் நான்கு விரல் தண்ணீர் நிற்கும்படி ஊறப்போடுவேன். முழுசாக ஒரு நாள், இருபத்துநான்கு மணி நேரம் ஊற வேண்டும். மறுநாள் அதே தண்ணீரோடு அடுப்பில் ஏற்றி முக்கால் மணி, ஒரு மணி நேரம் வேகவிடுவேன். குக்கரில் எத்தனை விசில் என்று கேட்பாய். விசில் கணக்கை நம்பாதே, சோளத்துக்குச் சோளம் மாறும். ஒரு சோள மணியை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அமுக்கு. தோல் பிளந்து உள்ளே இருப்பது மாவாகப் பிதுங்க வேண்டும், நடுவில் கல் மாதிரி ஒன்றும் தட்டுப்படக் கூடாது. அதே சமயம் தூண்டில் முள்ளில் குத்தினால் தோல் முள்ளைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்தப் பதம்தான் எல்லாம்.

வெந்த தண்ணீரை வடித்துவிடாதே. அதில்தான் ருசி இறங்கியிருக்கிறது. நெல்லிக்காய் அளவு வெல்லம் போட்டு, சோளத்தை அந்தத் தண்ணீரிலேயே மூடி போட்ட டப்பாவில் வைத்துவிடு. இந்த வெயிலுக்கு இரண்டு நாள் போதும், மார்கழியில் நான்கு நாள் ஆகும். தினம் ஒரு முறை மூடியைத் திறந்து காற்றை விடு, இல்லாவிட்டால் டப்பா உப்பிக்கொள்ளும். மூன்றாம் நாள் திறந்தால் பழைய சோற்று நீராகாரத்தில் கொஞ்சம் கள் கலந்த மாதிரி ஒரு வாடை வரும். தண்ணீர் கொழகொழவென்று நூல் பிடிக்கும். அந்த வாடைக்குக் கெண்டை எங்கிருந்தாலும் மோப்பம் பிடித்து வரும். மேலே வெள்ளை நுரை இருக்கலாம், பச்சையாகவோ கறுப்பாகவோ பூஞ்சை பூத்திருந்தால் மொத்தத்தையும் புதைத்துவிடு.

கொண்டைக்கடலையும் நல்ல இரை. ராத்திரி முழுக்க ஊறினால் போதும், குழையாமல் வேகவை. கம்பையும் சின்னச் சோளத்தையும் நான் முள்ளில் குத்துவதில்லை, இறைப்பதற்கு மட்டும்தான். சின்ன மணி என்பதால் மீனுக்கு வயிறு நிறையாது, சேற்றில் தேடிக்கொண்டே அந்த இடத்தில் நிற்கும். நிலக்கடலை போட்டால் ஒரு பிடிக்கு மேல் வேண்டாம், எண்ணெய் அதிகம். பூசணம் பிடித்த சொத்தைக் கடலையைக் கட்டாயம் பொறுக்கி எடுத்துவிடு.

மைதா உருண்டையும் புண்ணாக்கும் இருக்கும்போது எதற்கு இவ்வளவு பாடு என்று உன் பேரன் கேட்டானாம். ஜிலேபி மீனுக்காகத்தான். உருண்டை தண்ணீரில் விழுந்த நிமிஷமே ஜிலேபிக் குஞ்சுகள் கொத்திக் கரைத்துவிடும். முழுச்சோளத்தை அதுகளால் சுலபமாக விழுங்க முடியாது, பெரிய கெண்டை வருகிறவரை முள்ளில் நிற்கும். மிர்காலும் சாதா கெண்டையும் தரையை ஒட்டி மேய்கிற மீன், அதுகளுக்குச் சோளம் தோது. ரோகுவும் எடுக்கும். கட்லா மேல்மட்டத்தில் மேய்வது, அதை நினைத்துச் சோளம் போடாதே. விராலுக்கு உயிருள்ள இரைதான் வேண்டும்.

இறைக்கும்போது கை அடங்க வேண்டும். முதலில் இரண்டு கைப்பிடி, பிறகு அரைமணிக்கு ஒரு முறை பத்துப் பதினைந்து சோள மணி. தூண்டில் நூலில் கட்டிய ஈயத்தைத் தரையைத் தொட்டும் தொடாமலும் நிற்கிற மாதிரி வைத்து, தக்கையைக் கவனி. குட்டிக்குட்டியாகக் குமிழி வந்தால் கெண்டை சேற்றைக் கிண்டுகிறது. அப்போது தக்கை அமிழும் என்று எதிர்பார்த்தால் ஏமாந்துவிடுவாய். பல நேரம் அது மேலே எழும்பி, தண்ணீரில் பக்கவாட்டில் படுத்துவிடும். மீன் இரையை வாயில் வாங்கித் தலையைத் தூக்குகிறது, ஈயத்தின் பாரம் தக்கைக்கு இல்லாமல் போகிறது, அவ்வளவுதான். அந்த நொடியில் இழு.

என் சின்ன மகன் ஒரு கட்டு கற்றுக்கொடுத்தான். சோளத்தை முள்ளில் குத்தாமல், முள்ளின் அடியில் ஒரு மெல்லிய நூலைத் தொங்கவிட்டு அதில் கோப்பது. இங்கிலாந்துக்காரர்கள் கண்டுபிடித்தது, முதலில் மனிதத் தலைமுடியில்தான் கட்டினார்களாம். கெண்டை இரையை உறிஞ்சி, சந்தேகம் வந்தால் துப்பும். துப்பும்போது வெறும் முள் உதட்டில் மாட்டிக்கொள்ளும். வந்தால் காட்டுகிறேன்.

விதை என்றதும் ஒன்று ஞாபகம் வந்தது. நாம் ஏழாவது படிக்கும்போது, கோடையில் வற்றிய மடுவில் யாரோ காக்காய்க்கொல்லி விதையை அரைத்துக் கலக்கியதும், மீனெல்லாம் கிறுகிறுத்து மல்லாந்து மிதந்ததும் உனக்கு நினைவிருக்கும். நெத்திலி அளவு குஞ்சுகள்கூடக் கரையோரம் வெள்ளையாக ஒதுங்கிக் கிடந்தன. அன்றைக்கு நீ அழுதாய், நான் அழாதவன் மாதிரி நின்றேன். பேரனுக்கு அந்தக் கதையைச் சொல். மீனுக்கு நாம் என்ன போடுகிறோம் என்பதில் எனக்கு இவ்வளவு பிடிவாதம் வந்தது அன்றைக்குத்தான்.

உங்கள் ஊர்க் குளம் குத்தகையில் இருக்கிறதா என்று விசாரித்துக்கொள். குத்தகைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தூண்டில் போடு. அவர் குஞ்சு விட்டு வளர்க்கிற மீன்.

டாக்டர் சொன்ன கெடு முடிந்ததும் இங்கே வா. கறுப்புக் கண்ணாடியை மறக்காதே, காலை வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணைக் கூசும். இப்போது கதவணைக்கு மேலே காவிரி ஆறு ஏரி மாதிரி அசையாமல் கிடக்கிறது. மேட்டூர் அணையில் ஜூன் 12-ல் தண்ணீர் திறந்துவிட்டால் வேகம் கூடிவிடும், அதற்குள் வந்தால் நல்லது. அக்கரையில் இருக்கிற பூலாம்பட்டிக்குப் படகில் போய் வரலாம், நாம் சின்ன வயதில் போன மாதிரி.

பவானியிலிருந்து மேட்டூர் பஸ் ஏறினால் போதும், நிறுத்தத்தில் நிற்கிறேன். ஆனால் வருகிற தேதியை நாலு நாள் முன்னாலேயே சொல்லிவிடு. அன்றைக்கே சோளத்தை ஊறப்போட வேண்டும்.

அன்புடன்,
உன் மச்சான்