கட்டையனும் 500 டொலரும்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்புள்ள மச்சான்,

நீ ரொறன்ரோவிலிருந்து அனுப்பிய பொதி பத்திரமாக வந்து சேர்ந்தது. வீட்டில் எல்லோரும் நலம். மகளுக்கென்று அனுப்பிய ‘ஒப்பரேஷன்’ விளையாட்டு இப்போது என் மேசையில்தான் இருக்கிறது. மல்லாந்து கிடக்கும் அந்தச் சிவப்பு மூக்கனின் உடலிலிருந்து உடைந்த இதயம், வண்ணத்துப்பூச்சி போன்றவற்றை இடுக்கியால் எடுக்கும்போது குழியின் உலோக விளிம்பில் பட்டுவிட்டால், மின்சுற்று பூர்த்தியாகிப் பசர் அலறுகிறது, மூக்கும் எரிகிறது. தவளை வாத்தியாரின் வகுப்பில் உன் கை நடுங்கிய நடுக்கத்துக்கு, இதை வாங்க நீ துணிந்ததே பெரிய காரியம்.

ஆனால் இக்கடிதம் கட்டையனைப் பற்றியது. அவன் கஜு உடைப்பதற்குச் செய்த கைப்பொறியைப் பார்த்த கொழும்பு வியாபாரி ஒருவர், ஒரே தொகையாகக் காசு கொடுத்து முழு உரிமையையும் எழுதி வாங்கப் பார்க்கிறார். பிறகு வேலையும் தருவாராம், அதுவும் வாய்ப்பேச்சில்! இந்த விளையாட்டின் பிறப்பைத் தேடி வாசித்த பிறகு எனக்கு நித்திரை வரவில்லை.

ஜோன் ஸ்பினெல்லோ என்பவர் 1960களின் தொடக்கத்தில் இலினோய் பல்கலைக்கழகத்தில் கைத்தொழில் வடிவமைப்புப் படித்த மாணவர். துளைகளுள்ள ஓர் உலோகப் பெட்டியையும், விளிம்பில் பட்டால் ஒலியெழுப்பும் ஒரு கம்பியையும் வகுப்புப் பாடத்துக்காகச் செய்தார். சிக்காகோவின் பேர்பெற்ற விளையாட்டுப்பொருள் வடிவமைப்பாளர் மார்வின் கிளாஸ் அதைத் தொட்டுப் பார்த்து மயங்கி, 500 டொலருக்கு உரிமையை வாங்கிக்கொண்டார். படிப்பு முடிந்ததும் வேலை தருவதாகச் சொன்னாராம். அந்த வேலை கிடைக்கவே இல்லை. மில்ற்றன் பிராட்லி நிறுவனம் 1965இல் அதை நோயாளியாக்கிச் சந்தைக்கு விட்டது. அதன்பின் கார்ட்டூன் நாயகர்களான ஹோமர் சிம்சனும் ஷ்ரெக்கும்கூட அந்தக் கட்டிலில் படுத்துவிட்டார்கள். அமெரிக்காவில் சத்திரசிகிச்சை என்றதும் இந்தச் சிவப்பு மூக்கு நினைவுக்கு வராதவர் குறைவு. ஸ்பினெல்லோவுக்கோ அதில் ஒரு சதப் பங்கும் இல்லை.

உச்சத்தைக் கேள். 2014இல் அவருக்கே வாயில் சத்திரசிகிச்சை தேவைப்பட்டது. ஏறக்குறைய 25,000 டொலர் வேண்டும், கையில் இல்லை. நண்பர்கள் இணையவழியில் நிதி திரட்ட, அந்த விளையாட்டோடு வளர்ந்தவர்கள் அள்ளிக் கொடுத்தார்கள். இப்போதைய உரிமையாளரான ஹஸ்ப்ரோவும் அவருடைய மூலப் பெட்டியை விலைக்கு வாங்கியது. அவர் கசப்பின்றி, பிள்ளைகள் அடைந்த மகிழ்ச்சியையே பெரிதாகப் பேசினார். பெருமனசுதான், ஆனால் நம் கட்டையனுக்கு மூன்று பெண் பிள்ளைகள், மச்சான். பெருமனசு அவனுக்குக் கட்டுப்படியாகாது.

கண்டுபிடிப்பைப் பிறர் களவாகச் செய்து விற்காமல் காக்கும் ஆக்கவுரிமைக்குக் (பேற்றன்ற்) கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். நம் சட்டப்படி அதன் காலம் 20 ஆண்டுகள். இதைச் சொன்னால், “நீ எப்போதும் பயங்காளி” என்கிறான். என் சொல்லை அவன் எந்தக் காலத்தில் கேட்டான்? கிணற்றடிச் சம்பவத்துக்குப் பிறகு உன் சொல்லுக்கு மட்டும்தான் அடங்குகிறான். உரிமையை விற்காமல், விற்கும் ஒவ்வொரு பொறிக்கும் பங்கு கேட்கச் சொல். வியாபாரி அடுத்த போயாவுக்கு முன் கையொப்பம் வாங்க வருகிறார்; ஆகவே கடிதம் கண்டவுடன் அவனுக்கு அழைப்பெடு. முதலில் ஏசிவிட்டு, பிறகு விளக்கு.

அன்புடன்,
கணக்கன்