ரீயூனியனிலிருந்து கொய்யா ஜாம்

லா பிளேன் தே பால்மிஸ்த்,
ரீயூனியன் தீவு, இந்தியப் பெருங்கடல்,
ஜூன் 21.

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீயும் அத்தானும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இவருடைய நண்பர் அடுத்த வாரம் புதுச்சேரிக்கு வருகிறார். அவரிடம் நாலு பாட்டில் ஜாம் கொடுத்தனுப்புகிறேன். கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள், ஜாமும் அவர்களுக்குத் திரவக் கணக்குதான். அதனால் பெரிய பெட்டியில் துணிக்கு நடுவே வைக்கச் சொல்லியிருக்கிறேன். சிவப்பாக இருக்கிறதே, சாயம் போட்டாளோ என்று நினைக்காதே. அது பழத்தின் சொந்த நிறம்.

இந்தப் பழத்தை இங்கே கோயாவியே என்கிறார்கள். கொய்யா இனம்தான், ஆனால் நெல்லிக்காய் அளவுதான் இருக்கும். தோல் கருஞ்சிவப்பு, உள்ளே சாறும் விதையுமாக நல்ல புளிப்பு. பிரேசிலிலிருந்து வந்த செடியாம். உலகத்திலேயே மிக மோசமாகப் பரவும் நூறு உயிரினங்களின் பட்டியலில் இதன் பெயரும் இருக்கிறது. காட்டுக்குள் புகுந்தால் இந்த மண்ணின் மரங்களை முளைக்கவே விடாது. 2010-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட மலைகள் இவை. காட்டைக் காப்பவர்களுக்கு இந்தச் செடியைக் கண்டாலே ஆகாது. ஊர் சனங்களோ இதன் பருவத்துக்காகக் காத்திருக்கிறார்கள், ஜூன் மாதத்தில் பழத்துக்கென்றே திருவிழா எடுக்கிறார்கள். எனக்கு இரண்டு பக்கமும் நியாயமாகத்தான் படுகிறது. பறித்துத் தின்னும் ஒவ்வொரு பழமும் காட்டில் விதையாக விழாமல் போகிறதே என்று என் மனத்தைத் தேற்றிக்கொள்கிறேன்.

இப்போது இங்கே குளிர்காலம். நாங்கள் இருப்பது கடலிலிருந்து ஆயிரம் மீட்டர் உயரத்தில். பாதி நாள் மழையும் பனிமூட்டமும்தான், துணி காயவே காயாது. காரைக்கால் வெயிலை நினைத்து ஏங்குகிறேன் என்றால் நீ நம்பமாட்டாய்.

ஜாம் கிண்டக் கற்றுக்கொடுத்தது பக்கத்து வீட்டு அம்மாள். 1848-ல் இங்கே அடிமை முறையை ஒழித்த பிறகு, கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டுமென்று புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் நம் சனங்களைக் கப்பல் கப்பலாக ஏற்றி வந்தார்கள் அல்லவா, அந்த வழி வந்தவர். தமிழ் பேச வராது, பிரெஞ்சிலிருந்து வந்த இந்த ஊர்ப் பேச்சான கிரியோல்தான். ஆனால் காவடிக்கு விரதம் இருக்கிறார், முருங்கைக்கீரை சமைக்கிறார். இறந்துபோன தாய்க்கு வாழை இலையில் படையல் போடும்போது, அவர் விரும்பிச் சாப்பிட்டார் என்று இந்த ஜாமையும் ஒரு கிண்ணத்தில் வைத்தார். நான் பக்கத்தில் நின்றேன். நம் பாட்டிக்கு அம்மா அதிரசம் வைப்பாளே அக்கா, அதே பயபக்தி. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. இந்த ஊரில் நான் தனியாக இல்லை என்று அன்றுதான் தோன்றியது.

இனி செய்முறை. நம் கொல்லைக் கொய்யா காய்த்துக் கொட்டும்போது அணிலும் வௌவாலும் தின்றதுபோக மிச்சம் மண்ணில் அழுகுகிறதே, அதற்காகத்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

முழுக்கப் பழுத்ததை மட்டும் எடுக்காதே. நாலில் ஒரு பங்கு செங்காயாக இருக்கட்டும். ஜாமை இறுக வைக்கும் பெக்டின் செங்காயில்தான் அதிகம், கனியக் கனியக் குறைந்துவிடும். நறுக்கி, முழுகும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, குழைய வேகவை. பிறகு சல்லடையில் போட்டுக் கரண்டியால் அழுத்தித் தேய்த்தால் விழுது கீழே இறங்கும், விதை மேலே நிற்கும். மிக்ஸியில் மட்டும் போடாதே, விதை உடைந்து நறநறக்கும். ஒரு கிலோ விழுதுக்கு 800 கிராம் சர்க்கரை. பாதியாகக் குறைக்கலாமே என்று அத்தான் சொல்வார். குறைத்தால் சரியாக உறையாது, சீக்கிரம் பூஞ்சையும் பிடிக்கும். இந்த ஊர்ப் பழத்துக்குத் தன் புளிப்பே போதும். நம் கொய்யாவில் புளிப்புக் குறைவு, அதனால் கிலோவுக்கு ஓர் எலுமிச்சம்பழமாவது பிழிந்துவிடு. புளிப்பு இல்லாமல் பெக்டின் பிடிக்காது.

வாய் அகன்ற, அடி கனமான பாத்திரம் வேண்டும். சர்க்கரை கரையும்வரை தணல் குறைவாக இருக்கட்டும், அப்புறம் நன்றாகக் கூட்டிவிடு. நீர் சீக்கிரம் வற்றினால்தான் நிறமும் மணமும் நிற்கும். நெடுநேரம் காய்ச்சினால் பெக்டினே சிதைந்துபோகும். கொதிக்கும்போது தெறிக்கும், குழந்தைகளைப் பக்கத்தில் விடாதே. புத்தகங்களில் 105 டிகிரி என்று போட்டிருக்கும். அது கடலோர ஊருக்குச் சரி, உனக்குப் பொருந்தும். இந்த உயரத்தில் தண்ணீரே சுமார் 97 டிகிரியில் கொதித்துவிடுகிறது, அதனால் எனக்கு 101, 102-லேயே பதம் வந்துவிடும். வெப்பமானி இல்லையென்றால் ஒரு தட்டை ஃப்ரீசரில் வைத்திரு. அதில் ஒரு சொட்டு விட்டு, சற்றுப் பொறுத்து விரலால் தள்ளு. மேலே சுருக்கம் விழுந்தால் உடனே அடுப்பை அணைத்துவிடு. அடுப்பிலேயே கெட்டியாகட்டும் என்று காத்திருக்காதே, ஆறியபின் தானே இறுகும். கொதிநீரில் போட்டெடுத்த பாட்டிலில் சூடாகவே விளிம்பு வரை ஊற்றி மூடிவிடு.

நாலில் ஒரு பாட்டில் மஞ்சளாக இருக்கும். அது விக்டோரியா என்னும் சின்ன அன்னாசி, கூட இந்தத் தீவின் வெனிலா. வெனிலாப் பூவுக்குக் கையால் மகரந்தம் சேர்க்கும் வழியை 1841-ல் இங்கே கண்டுபிடித்தவன் எட்மோன் அல்பியுஸ், பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன். அவனால் ஊருக்கே செல்வம் வந்தது, அவனோ வறுமையிலேயே செத்தான். வெனிலாக் காயைப் பிளக்கும்போதெல்லாம் அவன் நினைவு வருகிறது. அந்தப் பாட்டிலைப் பிள்ளைகளுக்குக் கொடு.

அத்தானுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது, ஒரு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். தோசையோடு நன்றாக இருக்கும். திறந்த பாட்டிலை ஃப்ரிட்ஜில் வை. உன் ஜாம் எப்படி உறைந்தது என்று எழுது. இளகிப்போனால் கொட்டிவிடாதே, இன்னும் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட்டு மறுபடி கொதிக்கவிடலாம். பெரியவளின் பரீட்சை முடிவு வந்ததா? அம்மாவின் முழங்கால் வலிக்கு அந்த வைத்தியரிடம் போனீர்களா? இரண்டையும் மறக்காமல் எழுது.

உன் அன்புத் தங்கை