முதலில் தொடையைப் பார்

அன்புள்ள மலர்,

ஸ்டெம்செல் மாற்று சிகிச்சை வார்டுக்கு உன்னை மாற்றியிருக்கிறார்கள் என்று படித்ததும் மனசு நிறைந்தது. ஆர்த்தோவில் பழகிய கை அங்கே ரொம்பத் தேவை. நோயாளிகள் விழுவதைப் பற்றிக் கேட்டிருந்தாய். முதலில் தொடையைப் பார்.

அவர்கள் வரும்போதே பல சுற்று கீமோ முடித்திருப்பார்கள். வின்கிரிஸ்டின், போர்டெசோமிப் மாதிரி நரம்பைப் பாதிக்கும் கீமோ மருந்து ஏறியவர்களுக்குப் பாதம் மரத்துக் கிடக்கும். அதற்கு மேல் வாந்தி, பேதி, வாரக்கணக்கில் தனியறை. இன்னொருவரின் செல் வாங்கியவருக்கு ஜிவிஎச்டி, அதாவது வந்த செல்லே உடம்பைத் தாக்கும் நிலை, வந்துவிட்டால் ஸ்டீராய்டு தொடங்குவார்கள், ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 2 மில்லிகிராம் வரை. அது இடுப்பு, தொடைச் சதைகளைத்தான் முதலில் கரைக்கும். வலி இருக்காது, தசைச் சேதத்தைக் காட்டும் சிபிகே ரத்தப் பரிசோதனை அளவும் பெரும்பாலும் ஏறாது. அதனால் கேஸ் ஷீட்டில் ‘களைப்பு’ என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். கைப்பிடி வலிமையை மட்டும் அளந்தால் நீயும் ஏமாந்துபோவாய். விரல்கள் நன்றாகவே இறுக்கும், தொடைதான் தூக்காது.

ஆகவே அட்மிஷன் அன்றே ஓர் எண் எடுத்துவிடு. 43 செ.மீ. உயர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடு. கைகளை மார்பில் குறுக்கே வைத்துக்கொண்டு 30 விநாடியில் எத்தனை முறை எழுந்து உட்காருகிறார் என்று எண்ணு. கையை ஊன்றினால் பூஜ்யம். 60 முதல் 64 வயதில் ஆண் 14க்கும் பெண் 12க்கும் கீழே வந்தால் ஆபத்து என்று கொள். இளவயதினருக்கு அந்த வரம்பு உதவாது, அவரவர் முதல் எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும். ஸ்டீராய்டு தொடங்கியவர்களுக்கு வாரம் ஒருமுறை, அதே நாற்காலியில்.

ராத்திரி பாத்ரூம் போகும் வழிதான் மோசமான இடம். டிரிப் ஓடுவதால் அடிக்கடி சிறுநீர் முட்டும். ரத்தம் ஏற்றுமுன் ஒவ்வாமை வராமல் இருக்கப் போட்ட ஏவில் ஊசியின் மயக்கமும் சேர்ந்துகொள்ளும். 5 நிமிடம் படுக்க வைத்து பிபி பார், பிறகு நின்ற 1, 3 நிமிடத்தில் பார். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் டாக்டரிடம் சொல், துணையில்லாமல் எழக் கூடாது. மற்றவர்களும் கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, கணுக்காலை ஆட்டிவிட்டே எழட்டும். டிரிப் ஸ்டாண்டை ஊன்றுகோலாகப் பிடிக்க விடாதே, சக்கரம் உருண்டுவிடும்.

பயிற்சியிலும் எழுந்து உட்காருவதுதான் எனக்கு முதல். 8 முதல் 10 முறை, இரண்டு சுற்று. உட்காரும்போது மூன்று எண்ணி மெதுவாக. முடியாவிட்டால் கட்டிலை உயர்த்து, சுலபமானால் இறக்கு. மூச்சை அடக்க விடாதே. ரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட் எவ்வளவு இருந்தால் பயிற்சி தரலாம் என்ற வரம்பு இடத்துக்கு இடம் மாறும், உங்கள் ரத்தநோய் டாக்டரிடம் முதல் நாளே கேட்டு வை. 20,000க்குக் கீழே நான் எடையும் ரப்பர் பேண்டும் தருவதில்லை. அந்த நிலையில் தலையில் அடிபட்டால், ஆள் தெளிவாகப் பேசினாலும் உடனே டாக்டரைக் கூப்பிடு; ரத்தம் உள்ளே மெதுவாகக் கசியும்.

லெவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கும் ஸ்டீராய்டும் சேர்ந்து ஓடுகிறவருக்குக் குதிகாலுக்கு மேலே வலித்தால் குதிகால் உயர்த்தும் பயிற்சியை நிறுத்து. அந்தத் தசைநாண் அறுந்துவிடலாம். ஸ்டீராய்டு எடுப்பவர் தொடையிடுக்கில் வலி என்றால் இடுப்பு மூட்டில் தொடை எலும்பின் தலைக்கு ரத்த ஓட்டம் குறைந்திருக்குமோ என்று சந்தேகி, எம்ஆர்ஐ கேள்.

டிஸ்சார்ஜில்தான் நம் ஆட்கள் கோட்டைவிடுகிறார்கள். வராந்தாவில் ஜோராக நடக்கிறார் என்று அனுப்பிவிடுவார்கள். வீட்டிலோ இந்தியன் டாய்லெட், தரையில் சாப்பாடு, பாயில் தூக்கம். குந்தினால் எழ முடியாது. வீட்டில் என்ன டாய்லெட், எத்தனை படி என்று ஒரு வாரம் முன்பே கேட்டுவிடு. கமோடு நாற்காலி வாங்கச் சொல். கால் தடுக்கும் நைட்டி, தளர்ந்த வேட்டி, பின்வார் இல்லாத செருப்பு எதுவும் வேண்டாம்.

உங்கள் வார்டு நாற்காலிகளின் உயரத்தை அளந்து எழுது. 43 இல்லையென்றால் எந்த அளவில் வைத்துக்கொள்ளலாம் என்று சேர்ந்து யோசிப்போம்.

அன்புடன்,
வசந்தி