பீட் மாஸ் வாங்கும் மாடித்தோட்ட நண்பர்களுக்கு

சென்னை மாடித்தோட்டக் குழுக்களில் இருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

நாற்றுத் தட்டுக்கு என்ன கலவை என்று யார் கேட்டாலும், ‘பீட் மாஸ் போடுங்க, இம்போர்ட்டட்’ என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். அந்தச் சிபாரிசை விட்டுவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

பைக்குள் இருப்பது கனடா, பால்டிக் நாடுகள் போன்ற குளிர்ப்பிரதேசச் சதுப்புகளில் வெட்டியெடுத்த பாசி. தண்ணீர் தேங்கிக் காற்றுப் புகாத இடத்தில் செத்த பாசி முழுதாக மக்காது. ஆண்டுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் என்று படிந்துகொண்டே போகும். அந்தப் படிவுதான் பீட். ஒரு மீட்டர் சேர ஏறக்குறைய 1,000 வருடம். உலக நிலப்பரப்பில் இப்படிப்பட்ட நிலம் 3 சதவீதம்தான். அதில் அடைபட்டிருக்கும் கார்பனோ சுமார் 60,000 கோடி டன், காடுகளின் மரம் செடி கொடியெல்லாம் சேர்ந்து வைத்திருப்பதைவிட அதிகம். நம் நீலகிரிப் பள்ளங்களிலும் பீட் கொஞ்சம் உண்டு.

வெட்ட வேண்டுமானால் முதலில் தண்ணீரை வடிக்க வேண்டும். வடித்ததும் காற்று புகும், நுண்ணுயிர்கள் தின்னத் தொடங்கும், கார்பன் டை ஆக்சைடு கிளம்பும். நம் தொட்டிக்கு வந்த பிறகும் இது நிற்பதில்லை. ஈரச் சதுப்பும் மீத்தேன் விடும்தான். ஆனால் நீண்ட காலக் கணக்கில் வடித்த நிலம்தான் மோசம். இப்போது வெப்பமும் வறட்சியும் கூடும் இடங்களில் யாரும் வடிக்காமலே நீர்மட்டம் இறங்குகிறது. காய்ந்த பீட் எரியவும் எரியும். 2015-ல் இந்தோனேசியாவில் பற்றியது சிங்கப்பூர் வரை புகைந்தது.

சரி, உலக அளவில் இந்தச் சேதத்தில் விவசாயத்துக்காக வடிப்பதே பெரும்பங்கு, நம் பைகள் தூசுதான். ஆனால் சென்னை மொட்டைமாடிக்கு அந்தத் தூசும் உதவாது. மே மாத வெயிலில் பீட் ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரை ஏற்காது. ஊற்றியது தொட்டியின் ஓரமாக இறங்கி அடித்துளை வழியே ஓடும். நடுவில் வேர் இருக்கும் இடம் பொடியாகவே கிடக்கும்.

பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னை நார்க்கழிவு அப்படியில்லை, காய்ந்தாலும் திரும்ப ஊறும். உப்புதான் அதன் குறை. பக்கெட்டில் ஊறவைத்து, டீ நிறத்தில் இறங்கும் தண்ணீரை இரண்டு மூன்று முறை கொட்டிவிடுங்கள். உப்புக்கரிக்கும் போர் தண்ணீர் வேண்டாம், மழைநீரோ மெட்ரோ தண்ணீரோ நல்லது. அப்புறம் மண்புழு உரம் கலந்தால் போதும்.

பீட் கேட்கும் பூச்சி தின்னும் செடிகளை வளர்க்கிற சிலரோடு நான் சண்டைக்கு வரவில்லை. கத்தரிக்கும் தக்காளிக்கும் பீட் எதற்கு? அடுத்த முறை குழுவாகச் சேர்ந்து ஆர்டர் போடும்போது, பட்டியலில் அந்த ஒரு வரியை அடித்துவிட்டு நார்க்கழிவுக் கட்டிகளைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்களைப்போல் ஒரு மாடித்தோட்டக்காரர்