45 நாள் கணக்கு

ஸ்கார்பரோ, டொராண்டோ
15.2.2026, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்கள், அம்மா, தம்பி, தங்கச்சி எல்லோரும் நலம்தானே? தீபாவளிக்குப் பிறகு உங்களுக்கு ஒரு வரிகூட எழுதவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள். உங்கள் கடிதம் வந்து பத்து நாளாகிறது. "பெரிய கம்பெனி எதிலும் ஏன் இன்னும் அமையவில்லை? என்ன குறை? போனில் மழுப்பாமல் கடிதத்தில் எழுது" என்று கேட்டிருந்தீர்கள். எழுதுகிறேன்.

நேரில் போய்ப் பார் என்று நீங்கள் சொன்னதை நான் தட்டவில்லை. நவம்பரில் பே ஸ்ட்ரீட்டில் ஒரு தலைமை அலுவலகத்துக்கு ஃபைலோடு போனேன். வாசலில் இருந்த செக்யூரிட்டி நல்ல மனிதர். "வெப்சைட்டில் போடுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். எந்த மாடியில் யார் ஆள் எடுக்கிறார்கள் என்பது அவருக்கே தெரியாது.

வெப்சைட்டில் போடுவதைச் சொல்கிறேன். ஒவ்வொரு கம்பெனிக்கும் தனிக் கணக்கு, தனி பாஸ்வேர்டு. ரெஸ்யூமேவை ஏற்ற வேண்டும். ஏற்றியதும், அதில் இருப்பதையே கட்டம் கட்டமாக மறுபடி டைப் அடிக்கச் சொல்கிறது. மில்லில் 9 வருடம் கணக்குப் பார்த்ததை எத்தனை தடவை அடித்திருப்பேன்! விளம்பரத்தில் உள்ள வார்த்தைகள் ரெஸ்யூமேவில் இல்லாவிட்டால் தேடும்போது நம் பெயர் மேலே வராது என்கிறார்கள். அதனால் ஒவ்வொன்றுக்கும் வார்த்தைகளை மாற்றி எழுதுகிறேன். ஒரு விண்ணப்பம் முடிய ஒரு மணி நேரம் ஆகிவிடுகிறது.

நம் ஊர் பயோடேட்டாவில் தகப்பனார் பெயர்தான் இரண்டாவது வரி. இங்கே அது கூடாது. போட்டோ, வயது, கல்யாணம் ஆனதா என்பதும் கூடாது. ஆனால் பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதியதால் உங்கள் பெயர்தான் எனக்குக் குடும்பப் பெயர். வருகிற மெயில் எல்லாம் "டியர் மிஸ்டர்" என்று உங்கள் பெயரைச் சொல்லித்தான் தொடங்குகிறது. அடுத்த வரியில் "வருந்துகிறோம்". அதைப் பார்க்கும்போதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது அப்பா.

நீங்கள் கொடுத்தனுப்பிய நீள நோட்டில் பேரேடு மாதிரி கோடு போட்டு வைத்திருக்கிறேன். தேதி, கம்பெனி, வேலை, பதில். நேற்றோடு 143 வரி. 61 இடத்தில் "இல்லை". 5 இடத்தில் போனோடு சரி. 2 இடத்தில் இன்டர்வியூ வரை போனது. மீதி 75 வரிக்கு எதிரே எழுத ஒன்றும் இல்லை. அந்த 61-இல் ஒன்று, ஞாயிறு ராத்திரி 11:40-க்கு அனுப்பி 11:52-க்கு வந்தது. அந்த நேரத்தில் எந்த மனிதர் உட்கார்ந்து படித்திருப்பார்?

பி.ஆர்., அதாவது இங்கே நிரந்தரமாகத் தங்கும் அனுமதி, கொடுக்கும்போது கனடா அரசாங்கம் என் எம்.காம். படிப்பையும் மில் அனுபவத்தையும் மதிப்பிட்டுப் புள்ளி போட்டுத்தான் கூப்பிட்டது. வந்து இறங்கியதும் கம்பெனிகள் "கனடிய அனுபவம்" கேட்கின்றன. இந்த ஜனவரி 1 முதல் ஒன்டாரியோவில் புதுச் சட்டம் வந்திருக்கிறது. 25 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில், விளம்பரத்தில் கனடிய அனுபவம் கேட்கக் கூடாது. சம்பளம் போட வேண்டும். மனுக்களைச் சலிக்க ஏ.ஐ. வைத்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் போனில் பேசிய ஒரு பெண், "இங்கே எத்தனை வருடம்?" என்றுதான் முதலில் கேட்டார்.

இன்னொரு கம்பெனியில் வீடியோ இன்டர்வியூ. எதிரே ஆள் கிடையாது. திரையில் கேள்வி வரும், யோசிக்க 30 விநாடி, பேச 2 நிமிடம். நம் முகத்தை நாமே பார்த்துக்கொண்டு பேச வேண்டும். நீங்கள் எடுத்துக் கொடுத்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்றாவது கேள்வியில், நான் இருக்கும் பேஸ்மென்டில் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னேஸ் கடகடவென்று ஓட ஆரம்பித்துவிட்டது. குரலை உயர்த்திப் பேசி முடித்து, "தேங்க் யூ" சொன்னேன். சொன்ன பிறகு அறை அமைதியாக இருந்தது.

மில் கேட்டில் நீங்கள் டைம்கீப்பராக இருந்தபோது நான் தூக்குச்சட்டியோடு வந்து நிற்பேன். வேலை கேட்டு வெளியே நிற்பவர்களிடம் நீங்களே போய், "இப்ப எடுக்கலப்பா, தை கழிச்சு வாங்க" என்று சொல்லிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவீர்கள். எனக்கும் அது போதும். படித்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று ஒரு ஆள் சொல்லட்டும்.

ஜனவரி 8 அன்று ஒரு இடத்தில் இரண்டு பேர் எதிரே உட்கார்ந்து முக்கால் மணி நேரம் பேசினார்கள். இன்டர்வியூ முடிந்த 45 நாளுக்குள் முடிவு என்ன என்று சொல்லியாக வேண்டும் என்பதும் அதே சட்டம். இன்றோடு 38 நாள். மாடியில் இருக்கும் யாழ்ப்பாணத்து அம்மா தினமும் "மறுமொழி வந்ததோ தம்பி?" என்று கேட்கிறார். இல்லை என்றால் மேற்கொண்டு பேசாமல் புட்டும் சம்பலும் கொண்டுவந்து வைப்பார். அவர் வீட்டுக்காரர் அங்கே இன்ஜினியர், இங்கே வந்து 4 வருடம் ஹோட்டலில் பாத்திரம் கழுவினாராம். அவருக்கு முட்டிவலி. வாசல் பனியை நான்தான் தள்ளி உப்புப் போடுகிறேன்.

சாப்பாட்டுக்குக் குறை இல்லை. குடோன் வேலை இருக்கிறது, மணிக்கு 17 டாலர் 60 சென்ட். ஜனவரியில் ஆர்டர் குறைவு என்று வாரம் 3 நாளாக்கியிருக்கிறார்கள். அதனால்தான் இந்த மாதம் அனுப்பியது கொஞ்சம் குறைந்தது. வேறொன்றும் இல்லை.

இன்று சிவராத்திரி. இங்கே காலை 11 மணி, அங்கே ராத்திரி ஒன்பதரை. கோவிலில் வேப்பமரத்தடியில் ஜமுக்காளம் விரித்திருப்பீர்கள். அத்தைகள் எல்லோரும் வந்தாயிற்றா? என் இடத்தில் இந்த வருடம் யார் படுத்திருக்கிறார்கள்? ஜன்னல் உயரத்துக்குப் பனி குவிந்து வெளிச்சமே இல்லை. கண்ணை மூடினால் வாழைநாரில் கட்டிய மல்லிகை வாசம் வருகிறது. இதை அம்மாவிடம் வாசிக்க வேண்டாம்.

நிற்க. காட்டில் பாதியை விற்று அனுப்பட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் அப்பா. எனக்காக ஒரு செண்டுகூட விற்கக் கூடாது. சித்தப்பா கூட்டுப்பட்டாவைப் பிரிக்கக் கேட்பது நியாயம்தான், அதைச் செய்துவிடுங்கள். என் கையெழுத்துக்குப் பதிலாகத் தம்பி பெயரில் பவர் எழுதி, இங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்று வாங்கி அனுப்புகிறேன். அது அங்கே வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும், தம்பி மறந்துவிடுவான், நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டாவில் தாத்தா இனிஷியல் தப்பாக இருப்பதையும் இப்போதே திருத்தச் சொல்லுங்கள்.

தங்கச்சி வளைகாப்புக்கு அத்தை வீட்டில் முதலில் போய்ச் சொல்லுங்கள், போன தடவை மாதிரி ஆகிவிட வேண்டாம். அம்மா கண் ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள், அதற்கான பணம் மார்ச் முதல் வாரம் வரும். சாத்தூர் சேவு பார்சல் வேண்டாம், தபால் செலவு அதிகம். 22-ஆம் தேதி கழித்து எழுதுகிறேன்.

உங்கள் அன்பு மகன்