வண்டிகளை எண்ணினால் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

வால்பாறைக்கும் இ-பாஸ் (மலையேறும் வண்டிகளுக்கான ஆன்லைன் அனுமதி) வந்தது நல்லதுதான். எத்தனை வண்டி மேலே ஏறுகிறது என்ற கணக்காவது இனி கையில் இருக்கும். ஆனால் அந்த வண்டிகளில் வரும் பணம் யார் கைக்குப் போகிறது என்பதை யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிறவர், ஆன்லைனிலேயே ரிசார்ட்டுக்குப் பணம் கட்டிவிட்டு, இரண்டு நாள் சுற்றிப் பார்த்து, குப்பையை மட்டும் விட்டுவிட்டு இறங்கிவிடுகிறார். கல்லாறு காடர் பழங்குடிக் குடியிருப்புக்கோ லயன் வீட்டில் (எஸ்டேட் வரிசை வீடு) இருக்கும் தேயிலைத் தொழிலாளி குடும்பத்துக்கோ அதில் பெரிதாக எதுவும் வருவதில்லை.

வால்பாறையை ஒட்டிய புதுத்தோட்டம் எஸ்டேட் பக்கம் போனால் கண்ணாலேயே பார்க்கலாம். மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகத்தில் வேறெந்தக் காட்டிலும் இல்லாத சோலைமந்திகள் (சிங்கவால் குரங்கு என்றால் எல்லோருக்கும் தெரியும்) அங்கே சாலையோரமே திரிகின்றன. வண்டியில் அடிபடாமல் இருக்க மரத்துக்கு மரம் கெட்டித் துணிப் பட்டையில் பாலம் கட்டியிருக்கிறார்கள், உள்ளூர் ஆட்களைக் காவலுக்கும் போட்டிருக்கிறார்கள். அந்தக் காவலாளி "சார், எதுவும் குடுக்காதீங்க" என்று சொல்லச் சொல்ல, காரில் இருப்பவர் கண்ணாடியை இறக்கி ஒரு கையால் சிப்ஸ் பாக்கெட்டை நீட்டி மறு கையால் வீடியோ எடுப்பார். ருசி கண்ட குரங்கு அப்புறம் ஓட்டைப் பிரித்துக்கொண்டு அடுப்படிக்குள் இறங்குகிறது. அந்தச் செலவு வீடியோ எடுத்தவருக்கு இல்லை, லயன் வீட்டுக்காரருக்கு.

இதற்கு வழி தேடி வெளிநாட்டுக்கெல்லாம் போக வேண்டாம். பக்கத்திலேயே பரம்பிக்குளம் இருக்கிறது. கேரளக் காடுதான், ஆனால் சேத்துமடை, டாப்சிலிப் வழியாக நம்ம ஊரைத் தாண்டித்தான் போக வேண்டும். அங்கே காட்டைச் சுற்றிக் காட்டுகிறவர்கள் உள்ளேயே குடியிருக்கும் காடர், மலசர், முதுவர் மக்கள். காடு நன்றாக இருந்தால்தான் ஆள் வரும், ஆள் வந்தால்தான் சம்பளம் என்பது அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்காமலே தெரியும். குமுளியை எடுத்துக்கொள்ளுங்கள். பெரியாறு காட்டுக்குள் திருட்டுத்தனமாக வயனாப் பட்டை (காட்டு இலவங்கப் பட்டை) உரித்து விற்றுக்கொண்டிருந்தவர்களே 1990களின் கடைசியில் வனத்துறையோடு சேர்ந்து, பயணிகளைக் காட்டுக்குள் நடத்திக் கூட்டிப்போகும் வழிகாட்டிகளாக மாறினார்கள். திருடப் போன தடமெல்லாம் அத்துப்படி என்பதால் ரோந்துக்கும் அவர்களைவிடப் பொருத்தமான ஆள் யார்? நம்ம கோவை மாவட்டத்துப் பரளிக்காட்டிலும் இருளர் மக்கள் பரிசல் ஓட்டி, சமைத்துப் போட்டு, சம்பாதிக்கிறார்கள். அது வால்பாறை மாதிரி மழைக்காடு இல்லை, ஆனால் முறை ஒன்றுதான்.

சுற்றுலா என்றாலே காட்டுக்கு நல்லது என்று நான் சொல்லவரவில்லை. ரிசார்ட் பெயரில் 'எக்கோ' என்று சேர்த்துவிட்டு கான்கிரீட் ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்களே. இருவாச்சிப் பறவையைப் பாருங்கள். பெட்டை பெரிய மரப்பொந்துக்குள் போய், வாசலைப் பூசி அடைத்துக்கொண்டு முட்டையிடும். ஒரு கீறல் அளவு இடைவெளிதான். அதன் வழியாக ஆண் பறவை அத்திப் பழத்தை ஒவ்வொன்றாகக் கக்கி ஊட்ட வேண்டும். கீழே பத்து கேமராக்காரர்கள் நின்றால் அது பொந்துப் பக்கம் வரத் தயங்கும், உள்ளே தாயும் குஞ்சும் பட்டினி. எவ்வளவு தூரத்தில் நிற்கலாம், எந்த மாதத்தில் அந்தப் பக்கமே போகக்கூடாது என்று அந்தக் காட்டிலேயே வளர்ந்தவருக்குத்தான் தெரியும். மளுக்கப்பாறை தாண்டி கேரளத்து வாழச்சால் காட்டில், ஒரு காலத்தில் இருவாச்சிக் குஞ்சுகளை எடுத்துவந்த காடர் சமூகத்தினரே இன்று சம்பளத்துக்கு அந்தக் கூடுகளைக் காவல் காக்கிறார்கள்.

வால்பாறையில் மழைக்காட்டுப் பக்கம் போகும் எந்தக் குழுவோடும் உள்ளூர் வழிகாட்டி ஒருவர் கட்டாயம் போக வேண்டும் என்று விதி போடுங்கள். காடர், முதுவர் குடிகளிலிருந்தும் எஸ்டேட் குடும்பங்களிலிருந்தும் ஆள் எடுத்துப் பயிற்சி கொடுத்து, கூலியை நேராக அவர்கள் கணக்கில் போடுங்கள். காவல் நிற்கிறவருக்கும் வேட்டைத் தடுப்புக் காவலருக்கும் சுற்றுலா வருமானத்திலிருந்து மாதாமாதம் ஒழுங்காகச் சம்பளம் போகட்டும்.

உங்கள் பத்திரிகைக்கும் ஒரு வேண்டுகோள். விடுமுறை நாட்களில் அருவியில் குவிந்த கூட்டத்தைப் படம் போடுகிறீர்கள், சரி. அதே நாளில் எத்தனை உள்ளூர்க்காரர்களுக்கு வேலை கிடைத்தது, என்ன கூலி கிடைத்தது என்றும் உங்கள் நிருபர் விசாரித்து எழுதட்டும்.

— ஒரு வாசகர், பொள்ளாச்சி