கையால் செய்து படிக்கும் அறிவியல்: ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

கிறிஸ்துவின் நாமத்தில் வாழ்த்துகள்.

முதல் பருவத்தில் பாதி முடிந்துவிட்டது. அறிவியல் நோட்டில் கேள்வி பதில் ஏன் இவ்வளவு குறைவு, வெள்ளிக்கிழமையானால் பிள்ளை ஏன் சட்டையில் கறையோடு வருகிறான், வகுப்பில் பாடம் நடக்கிறதா விளையாட்டு நடக்கிறதா என்று உங்களில் பலர் கேட்டீர்கள். சிலர் டயரியில் எழுதி அனுப்பினீர்கள். கேட்க வேண்டிய கேள்விகள்தான். பள்ளி வாசலில் நின்றபடி சொல்லி முடிக்க முடியாது என்பதால் இந்தக் கடிதம்.

இந்தக் கல்வியாண்டிலிருந்து ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளில் சோதனையை முதலில் செய்கிறோம், பாடத்தைப் பிறகு வாசிக்கிறோம். வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு பீரியடையும் சேர்த்து இதற்கு ஒதுக்கியிருக்கிறோம். ஆசிரியை மேசைமேல் செய்து காட்ட, பின்வரிசைப் பிள்ளைகள் ஒன்றும் தெரியாமல் எட்டி எட்டிப் பார்க்கிற நிலை இப்போது இல்லை. நான்கு நான்கு பேராக உட்கார்ந்து அவர்களே செய்கிறார்கள். அதற்கு முன் ஒவ்வொருவரும் என்ன நடக்கும் என்று தான் நினைப்பதை நோட்டில் ஒரு வரி எழுத வேண்டும். அப்புறம்தான் பொருளில் கை வைக்கலாம்.

போன மாதம் ஏழாம் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். அடர்த்தி பற்றிய பாடம். தூத்துக்குடிப் பிள்ளைகளுக்கு அதை உப்பில் தொடங்குவதுதான் சரி என்று ஆசிரியை முடிவு செய்தார். கழுத்து வெட்டிய தண்ணீர் பாட்டில்கள் மூன்று. ஒன்றில் குழாய்த் தண்ணீர், ஒன்றில் கடல் தண்ணீர், மூன்றாவதில் உப்பளப் பாத்தியிலிருந்து கொண்டுவந்த தண்ணீர். மிதக்க விடுவதற்குப் பப்பாளி இலைக்காம்பு. அது உள்ளே குழாயாக இருக்குமல்லவா, அதன் ஒரு முனையைக் களிமண்ணால் அடைத்தால் தண்ணீரில் நிமிர்ந்து நிற்கும். குழாய்த் தண்ணீரில் எதுவரை முங்குகிறதோ அந்த இடத்தில் ஒரு நூலைக் கட்டிவிட வேண்டும். மற்ற இரண்டு தண்ணீரிலும் அந்த நூல் மேலே வருமா, கீழே போகுமா? இதுதான் கேள்வி.

பெரும்பாலான பிள்ளைகள் கீழே போகும் என்றுதான் எழுதியிருந்தார்கள். உப்புத் தண்ணீர் கனம், அதனால் காம்பை உள்ளே இழுக்கும் என்பது அவர்கள் எண்ணம். கடல் தண்ணீரில் விட்டதும் நூல் இரண்டு மூன்று மில்லிமீட்டர் மேலே வந்தது. பாத்தித் தண்ணீரில் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் எழும்பி நின்றது. வகுப்பில் ஒரே சத்தம். பிறகு சத்துணவுக்கூடத் தராசில் ஒவ்வொரு தண்ணீரையும் ஒரு லிட்டர் எடுத்து எடை போட்டார்கள். நல்ல தண்ணீர் ஒரு கிலோ. கடல் தண்ணீர் 25 கிராம் போலக் கூடுதல். பாத்தித் தண்ணீர் ஏறக்குறைய 1,200 கிராம். கனமான தண்ணீரில் காம்பு தன் எடைக்குச் சமமான தண்ணீரை விலக்கக் கொஞ்சம் முங்கினாலே போதும் என்று கடைசியில் ஒரு சிறுமி தானாகவே எழுந்து சொன்னாள். புத்தகத்தின் அந்தப் பக்கத்தை ஆசிரியை இன்னும் திறக்கவே இல்லை.

இன்னொரு மாணவி, "எங்கப்பா டிகிரி பார்க்கிறதும் இப்படித்தான்" என்றாள். அவளுடைய அப்பா உப்பளத்தில் மேற்பார்வை பார்க்கிறவர். மறு வாரம் அவரையே வகுப்புக்கு அழைத்தோம். தண்ணீரின் அடர்த்தியை டிகிரியாகக் காட்டும் ஹைட்ரோமீட்டர் என்ற கண்ணாடி மிதவையைத் துணியில் சுற்றி எடுத்து வந்தார். கடல் தண்ணீர் மூன்று டிகிரி அளவில் இருக்கும், வெயிலில் வற்ற வற்ற டிகிரி ஏறும், முதலில் ஜிப்சம் படியும், 25 டிகிரியை ஒட்டித்தான் உப்பு படியத் தொடங்கும், 29, 30 தாண்டினால் மக்னீசியம் சேர்ந்து உப்பு கசக்கும், அதற்குள் அந்தத் தண்ணீரைத் திறந்துவிட வேண்டும் என்று நிதானமாக விளக்கினார். ஒரு லிட்டர் கடல் தண்ணீரில் கிட்டத்தட்ட 35 கிராம்தான் உப்புகள் என்று தெரிந்ததும் பிள்ளைகளுக்கு நம்பவே முடியவில்லை. ஒரு மூட்டை உப்புக்கு எவ்வளவு தண்ணீர் வற்ற வேண்டும் என்று அங்கேயே கணக்குப் போட ஆரம்பித்தார்கள். தன் அப்பாவை 'சார்' என்று வகுப்பே அழைத்ததைப் பார்த்த அந்தப் பெண்ணின் முகத்தை நீங்களும் பார்த்திருக்க வேண்டும்.

மதிப்பெண் விஷயத்துக்கு வருகிறேன். அதே வகுப்பில் ஒரு பையனின் காம்பு பாத்தித் தண்ணீரில் மேலே வராமல் கீழே இறங்கியது. பக்கத்தில் இருந்தவர்கள், "எல்லாருக்கும் ஏறிச்சுடா, மாத்தி எழுது" என்றார்கள். அவன் மாற்றவில்லை. 'இறங்கியது' என்றே எழுதினான். ஆசிரியை முழு மதிப்பெண் போட்டு, ஏன் இறங்கியது என்று கண்டுபிடிக்கச் சொன்னார். காம்பை எடுத்து உதறிப் பார்த்தான். உள்ளிருந்து தண்ணீர் தெறித்தது. களிமண் ஓரத்தில் கரைந்து வழிவிட்டிருக்கிறது. மெழுகுவத்தியை உருக்கி அடைத்துவிட்டு மறுபடி விட்டான். ஏறியது. முதலில் எழுதியதை அடிக்காமல் அதற்குக் கீழே இரண்டாவதையும் எழுதினான். தவறான விடைக்கு எப்படி முழு மதிப்பெண் என்று அவன் வீட்டில் கேட்டார்கள். உங்களில் வேறு சிலருக்கும் இந்தக் கேள்வி இருக்கும்.

சோதனை நோட்டில் நாங்கள் தேடுவது, பிள்ளை தன் கண்ணால் பார்த்ததை எழுதியிருக்கிறானா என்பதைத்தான். புத்தகத்தில் உள்ள விடையோடு அது ஒத்துப்போனால் நல்லது. ஒத்துப்போகாவிட்டால் காரணத்தைத் தேட வேண்டும், எண்ணை மாற்றக் கூடாது. ரெக்கார்டு நோட்டைப் பக்கத்து நண்பனைப் பார்த்து எழுதுவதும், விடைக்குத் தகுந்த மாதிரி அளவுகளை ஜோடிப்பதும் பல இடங்களில் சாதாரணமாகிவிட்டது. அதை இங்கே அனுமதிக்க எனக்கு மனமில்லை. பொய்ச்சாட்சி சொல்லக் கூடாது என்ற கட்டளையைக் காலை அசெம்பிளியில் மனப்பாடமாகச் சொல்லிவிட்டு, மதியம் பார்க்காத அளவைப் பார்த்ததாக எழுதினால், அந்தக் கட்டளையை எதற்காகக் கற்றுக்கொடுக்கிறோம்? ஒரு கிறிஸ்தவப் பள்ளியில் அறிவியல் வகுப்பு வேறு மாதிரி இருக்க வேண்டுமென்றால், அது இந்த இடத்தில்தான் வேறு மாதிரி இருக்க வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன். மற்றபடி எல்லாப் பிள்ளைகளுக்கும், எந்த மதத்துப் பிள்ளையானாலும், சோதனை ஒன்றுதான், பாடத்திட்டமும் அரசின் பாடத்திட்டம்தான்.

தேர்வைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். வகுப்பில் அவ்வப்போது போடும் வளரறி மதிப்பீட்டு மதிப்பெண்ணில் இந்தச் சோதனைகளும் சேரும். பருவ முடிவில் எழுதும் தொகுத்தறித் தேர்வுக்கு வேண்டிய கேள்வி பதிலை மற்ற நாட்களில் எழுத வைக்கிறோம். நோட்டில் பக்கம் குறைந்திருப்பது உண்மை. பிள்ளை தன் வார்த்தையில் எழுதினால் பக்கம் குறையத்தான் செய்யும்.

எல்லாவற்றையும் கேள்வி கேட்கப் பழகினால் பிள்ளைகளின் விசுவாசம் ஆட்டம் கண்டுவிடாதா என்று சபையில் ஓரிருவர் கவலைப்பட்டார்கள். எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்து நல்லதைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி தெசலோனிக்கேயருக்கு எழுதியவர் பவுல்தான். கேம்பிரிட்ஜில் 1874இல் திறந்த காவெண்டிஷ் ஆய்வுக்கூடத்தின் கதவில், கர்த்தருடைய செய்கைகளை ஆராய்வதைப் பற்றிச் சொல்லும் 111ஆம் சங்கீத வசனத்தை லத்தீனில் பொறித்திருக்கிறார்கள். அதன் முதல் பேராசிரியர் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் ஆழ்ந்த விசுவாசி. எலக்ட்ரானை ஜே. ஜே. தாம்சன் 1897இல் கண்டறிந்தது அந்த ஆய்வுக்கூடத்தில்தான். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம், நம் கடற்கரையிலேயே இருக்கிறது. தரங்கம்பாடி மிஷனில் பள்ளிகளை நடத்திய கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் என்ற போதகர், இந்தக் கடலின் மீன்களைச் சேகரித்து பெர்லினில் இருந்த பிளாக் என்ற மீன் ஆய்வாளருக்கு அனுப்பிவந்தார். கத்தாளை மீன்களில் ஒரு பேரினத்துக்கு 1793இல் பிளாக் வைத்த பெயர் ஜோனியஸ், ஜானின் நினைவாக. நாம் குழம்பு வைக்கிற மீனில் ஒரு போதகரின் பெயர் இருக்கிறது என்று பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள்.

சட்டைக் கறைக்கு வருகிறேன். அது ஆறாம் வகுப்பின் மஞ்சள் தாள் சோதனை. மஞ்சள் கரைசல் தடவிய தாளில் சுண்ணாம்புத் தண்ணீரோ சோப்புத் தண்ணீரோ பட்டால் சிவக்கும், எலுமிச்சை பட்டால் திரும்ப மஞ்சளாகும். துவைக்கும்போது கறை சிவந்தால் பயப்பட வேண்டாம், சோப்பு போகும்வரை அலசி நல்ல வெயிலில் காயப்போடுங்கள், மஞ்சளும் வெளிறிவிடும். வெள்ளிக்கிழமைகளில் பழைய சட்டை ஒன்றை மேலே போட்டுக்கொள்ளக் கொடுத்தனுப்பினால் இன்னும் நல்லது.

பாதுகாப்பில் விட்டுக்கொடுப்பதில்லை. தீயும் அமிலமும் ஆசிரியை கையில் மட்டும். சோதனைப் பொருள் எதையும் வாயில் வைக்கக் கூடாது, முடியை இறுகக் கட்ட வேண்டும், மணல் வாளி எப்போதும் பக்கத்தில் இருக்கும். வருகிற வாரம் எட்டாம் வகுப்பில் இலையில் மாவுச்சத்து இருக்கிறதா என்று அயோடின் விட்டுப் பார்க்கிறார்கள். இலையின் பச்சையம் போக ஸ்பிரிட்டில் சூடாக்க வேண்டும். ஸ்பிரிட் குழாயை நேராகத் தீயில் காட்ட மாட்டோம், அடுப்பை அணைத்த பிறகு வெந்நீரில் வைப்போம். பிள்ளைக்கு இழுப்போ தோல் ஒவ்வாமையோ இருந்தால் வியாழக்கிழமைக்குள் டயரியில் எழுதி அனுப்புங்கள்.

கடையில் எதையும் வாங்கிக் கொடுக்க வேண்டாம். குறிப்பாக, செய்து விற்கும் மாடல்களை வாங்கி அனுப்பாதீர்கள், அவற்றுக்கு மதிப்பெண் கிடையாது. காலி பாட்டில், நூல், மெழுகுவத்தித் துண்டு, பழைய செய்தித்தாள் போதும். பப்பாளி மரம் இருக்கிற வீட்டார் காம்பு தந்தால் எல்லா வகுப்புக்கும் உதவும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். படகு எஞ்சின் பழுது பார்க்கிறவர்கள், வலை பின்னுகிறவர்கள், வயரிங் வேலைக்குப் போகிறவர்கள், மருந்துக்கடையில் வேலை செய்கிறவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் வந்து உங்கள் கருவியைப் பிள்ளைகள் கையில் கொடுத்துச் சொல்லிக்கொடுக்க முடியுமா? படிப்பு இல்லையே என்று தயங்க வேண்டாம். வர விருப்பமுள்ளவர்கள் இத்துடன் உள்ள சீட்டில் பெயரையும் தொழிலையும் எழுதிப் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள். நேரத்தை ஆசிரியை உங்களிடம் பேசி முடிவு செய்வார்.

ஜெபத்துடன்,
தலைமையாசிரியர்